நிழலின் நுனி எங்கே விழுகிறது? சூரிய கிரகணத்தின் வகைகள்

2025 ஜூலையில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வேகமாகச் சுற்றியது. ஆகஸ்ட் 2 அன்று சூரிய கிரகணம், உலகமே 6 நிமிடம் இருண்டுவிடும், அடுத்த நூறு வருடத்துக்கு இப்படி ஒன்று வராது என்றார்கள். அன்று கிரகணமே இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டும்தான் வரும். அந்த வருடம் ஆடி அமாவாசை ஜூலை 24-ஆம் தேதியே வந்து போய்விட்டது. ஆகஸ்ட் 2 ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள், வளர்பிறை.

ஆனால் அந்தச் செய்தி முழுக்கக் கற்பனையும் அல்ல. 2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அந்த வருட ஆடி மாத அமாவாசையில், ஒரு முழு சூரிய கிரகணம் உண்டு. எகிப்தின் லக்சர் நகரத்துக்கு அருகே அது 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும். அதைவிட நீண்ட முழு கிரகணம் 2114-இல்தான். ஆக, ஆண்டு தவறு. அதைவிடப் பெரிய தவறு “உலகமே” என்ற சொல். அந்த இருட்டு சுமார் 258 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்குள் மட்டும்தான். பட்டைக்கு வெளியே இருப்பவருக்குப் பகுதி கிரகணம், அதற்கும் அப்பால் ஒன்றுமே தெரியாது. ஒரே கிரகணம் ஓர் ஊரில் ஒரு வகையாகவும் இன்னோர் ஊரில் வேறு வகையாகவும் ஏன் தெரிகிறது என்பது புரிந்துவிட்டால், இதுபோன்ற செய்திகளை நாமே சோதித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு அமாவாசையும் ஏன் கிரகணம் இல்லை?

அமாவாசை அன்று நிலா சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் வருகிறது. அப்படியானால் மாதம் ஒரு கிரகணம் வர வேண்டும். வராததற்குக் காரணம் நிலாவின் பாதை சாய்ந்திருப்பது. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்வாக இருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிலாவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ விண்வெளியில் போய்விடும்.

இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பஞ்சாங்கக் கணிதத்தில் ராகு, கேது என்பவை இந்த இரண்டு வெட்டுப்புள்ளிகள்தான். அமாவாசை நேரத்தில் சூரியன் இவற்றில் ஒன்றுக்கு அருகில் இருந்தால் கிரகணம். பஞ்சாங்கத்தில் ‘ராகு கிரஸ்தம்’, ‘கேது கிரஸ்தம்’ என்று அச்சிட்டிருப்பது, கிரகணம் எந்தப் புள்ளியருகே நடக்கிறது என்ற தகவல். ஆண்டுக்குக் குறைந்தது 2 சூரிய கிரகணங்கள் நடக்கும். அதிகபட்சம் 5. அப்படி 5 வந்த ஆண்டு கடைசியாக 1935.

நிழலில் மூன்று பகுதிகள்

சூரியன் புள்ளி அல்ல, பெரிய வட்டு. அதனால் நிலாவின் நிழலும் ஒரே சீரான கறுப்பு அல்ல.

1. கருநிழல்: சூரிய வட்டு முழுவதும் மறையும் பகுதி. நிலாவிலிருந்து தொடங்கி, குறுகிக்கொண்டே போய் ஒரு நுனியில் முடியும் கூம்பு.

2. எதிர்நிழல்: அந்த நுனியைத் தாண்டிய பகுதி. இங்கே நின்று பார்த்தால் நிலா சூரியனைவிடச் சிறியதாகத் தெரியும். அதனால் நிலாவைச் சுற்றிச் சூரியனின் விளிம்பு வளையமாக மிஞ்சும்.

3. புறநிழல்: இவை இரண்டையும் சூழ்ந்திருக்கும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமான பகுதி. இங்கே சூரியனின் ஒரு பக்கம் மட்டும் மறையும்.

கிரகணத்தின் வகை என்பது உங்கள் காலடியில் இந்த மூன்றில் எது விழுகிறது என்பதுதான். சூரியனிலோ நிலாவிலோ வேறு எதுவும் நடப்பதில்லை.

நுனி தொடுமா, தொடாதா?

நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். சூரியனின் விட்டம் சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 400 மடங்கு. சூரியன் இருக்கும் தொலைவும் நிலாவின் தொலைவைப் போல ஏறக்குறைய 400 மடங்கு. இரண்டும் வானில் ஒரே அளவாகத் தெரிவது இதனால்தான். ஆனால் இது ‘ஏறக்குறைய’தான். கிரகண வகைகள் எல்லாம் அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் பிறக்கின்றன.

அளவைச் சுருக்கிப் பார்ப்போம். பூமியை 12.7 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தேங்காயாக வைத்துக்கொண்டால், நிலா 3.5 சென்டிமீட்டர் எலுமிச்சம்பழம். இரண்டுக்கும் இடைவெளி 3.8 மீட்டர், அதாவது ஓர் அறையின் நீளம். சூரியனோ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, 14 மீட்டர் அகலத்தில். இந்த எலுமிச்சையின் கருநிழல் சராசரியாக 3.73 மீட்டர் போய் முடிந்துவிடும். தேங்காயின் முகப்பு சராசரியாக 3.78 மீட்டரில் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது!

அதாவது சராசரி நிலையில் கருநிழல் பூமியை எட்டாது. எட்டுவதற்கு இரண்டு விஷயங்கள் கைகொடுக்க வேண்டும்.

1. நிலா அருகில் வர வேண்டும். அதன் பாதை நீள்வட்டம். மிக அருகில் சுமார் 3.57 லட்சம் கிலோமீட்டர், மிகத் தொலைவில் சுமார் 4.07 லட்சம்.

2. பூமி சூரியனிலிருந்து தள்ளிப் போக வேண்டும். சூரியன் தள்ளியிருந்தால் சிறியதாகத் தெரியும், நிலாவின் நிழல் நீளும். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும், அப்போது கருநிழலின் நீளம் சுமார் 3.67 லட்சம் கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவு, அப்போது சுமார் 3.80 லட்சம்.

இரண்டில் நிலாவின் தொலைவுக்குத்தான் பலம் அதிகம். அது 50,000 கிலோமீட்டர் மாறுகிறது, நிழலின் நீளம் 13,000 கிலோமீட்டர்தான் மாறுகிறது.

நான்கு வகைகள்

கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரையிலான 5,000 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுத் தொகுத்த பட்டியலில் 11,898 சூரிய கிரகணங்கள் இருக்கின்றன. பகுதி 35%, வளையம் 33%, முழு 27%, கலப்பு 5%க்குச் சற்றுக் குறைவு.

*முழு கிரகணம்.* கருநிழலின் நுனி பூமியை எட்டிவிடுகிறது. எட்டிய இடத்தில் விழும் கறுப்புத் திட்டு, நிழல் சாயாமல் நேராக விழுந்தால், அதிகம் போனால் 270 கிலோமீட்டர் அகலம். நிலாவின் ஓட்டத்தோடு அந்தத் திட்டும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால், பூமியின் மேல் நீண்ட பட்டையாகப் பாதை அமைகிறது. அதற்குள் இருப்பவர்களுக்குப் பகலில் நட்சத்திரமும் கோளும் தெரியும். சூரியனைச் சுற்றி, அதன் வெளி வளிமண்டலமான கொரோனா வெண்மையாக விரியும். கொரோனாவின் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய முழுநிலவு அளவுதான். சூரிய வட்டு கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் அந்த ஒளியில் அது காணாமல் போய்விடும். ஏதாவது ஓர் ஊரை எடுத்துக்கொண்டால், அந்த ஊர்மேல் முழு கிரகணம் விழுவது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

*வளைய கிரகணம்.* பஞ்சாங்கம் கங்கண கிரகணம் என்று சொல்வது இதைத்தான். நுனி வானிலேயே முடிந்துவிடுகிறது, தரையில் விழுவது எதிர்நிழல். 2010 ஜனவரி 15 நல்ல உதாரணம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. நிலா தன் மிகத் தொலைவான நிலையை எட்ட இன்னும் இரண்டே நாள். அதாவது சூரியன் மிகப் பெரியதாகவும் நிலா மிகச் சிறியதாகவும் தெரிந்த நேரம். விளைவு, அதிகபட்சமாக 11 நிமிடம் 8 விநாடி நீடித்த வளையம். இந்த ஆயிரமாண்டில் இதுதான் நீண்ட வளைய கிரகணம், இதை மிஞ்ச 3043 டிசம்பர் ஆகும். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, யாழ்ப்பாணம் எல்லாம் அதன் பாதையில் இருந்தன.

*கலப்பு கிரகணம்.* ஒரே கிரகணம் பாதையின் இரு முனைகளில் வளையமாகவும் நடுவில் முழுதாகவும் தெரியும். காரணம் பூமி உருண்டையாக இருப்பது. பாதையின் நடுப்பகுதி நிலாவைப் பார்த்துப் புடைத்திருப்பதால், முனைகளைவிட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. நுனி அந்தப் புடைப்பை மட்டும் தொட்டுவிடுகிறது. 2023 ஏப்ரல் 20 அன்று இந்தியப் பெருங்கடலில் வளையமாகத் தொடங்கிய கிரகணம், மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் சுமார் ஒரு நிமிடம் முழு கிரகணமாகத் தெரிந்து, பசிபிக்கில் மறுபடி வளையமாகி முடிந்தது. அடுத்த கலப்பு கிரகணம் 2031 நவம்பர் 14, பெரும்பாலும் பசிபிக் கடல்மேல்.

*பகுதி கிரகணம்.* நிழலின் நடு அச்சு பூமியைத் தொடாமல் துருவங்களுக்கு மேலோ கீழோ கடந்துவிடுகிறது. புறநிழல் மட்டும் பூமியை உரசுகிறது.

ஒரே பாதை, இரண்டு கிரகணங்கள்

2019 டிசம்பர் 26 காலையைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். காசர்கோடு மாவட்டத்தின் செறுவத்தூர், வயநாடு, ஊட்டி, கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை, பிறகு கடல் தாண்டி யாழ்ப்பாணம், திருகோணமலை என்று வளையம் போனது. ஒன்பதரை மணி வாக்கில் சுமார் மூன்று நிமிடம். மரத்தடியில் நின்றவர்கள் தரையையும் பார்த்திருப்பார்கள். இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, மண்ணில் நூற்றுக்கணக்கான சிறு வளையங்களைப் போட்டிருந்தன.

அதற்கு 148 ஆண்டுகளுக்கு முன், 1871 டிசம்பர் 12 காலையிலும் ஒரு கிரகணம் ஏறக்குறைய இதே தடத்தில் வந்தது. அதைப் பார்க்க ஆங்கில வானியலாளர் நார்மன் லாக்யரின் குழு பிரிந்து நின்ற இடங்களைப் பாருங்கள்: இன்றைய காசர்கோடு மாவட்டத்தின் பேக்கல், வயநாட்டின் மானந்தவாடி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை. பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் நீலகிரியின் சோலூரில் நின்றார். மதராஸ் வானாய்வகத்தின் போக்சனும், அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் அவிநாசியில் கருவிகளை நிறுத்தினார்கள். அது முழு கிரகணம், நம் பக்கத்தில் சுமார் இரண்டு நிமிடம். கொரோனா ஒளியின் ஒரு பகுதி சூரியனிடமிருந்து பட்டுத் திரும்பும் ஒளி என்பதை அன்று ழான்சென், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியாகக் கண்டார்.

ஊர்கள் ஒன்று. மாதமும் ஒன்றுதான், அதனால் சூரியனின் தோற்ற அளவிலும் பெரிய மாற்றம் இல்லை. மாறியது நிலாவின் தொலைவு மட்டுமே. 1871-இல் நிலா அருகில் இருந்தது, நுனி புதுக்கோட்டை மண்ணைத் தொட்டது. 2019-இல் நிலா தன் அண்மை நிலையைக் கடந்து ஏழு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. நுனி எட்டவில்லை. நேரில் பார்க்கக் கிடைக்கும் காட்சியில் இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரம் மிகப் பெரியது. 2019-இல் புதுக்கோட்டையில் வெயில் மங்கியது, அவ்வளவுதான். 1871-இல் அதே ஊரில் கொரோனா தெரிந்தது.

செய்தியில் ‘பகுதி கிரகணம்’ என்று வந்தால்

இந்தச் சொல் இரண்டு வேறு பொருளில் வருகிறது, குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

1. 2020 ஜூன் 21: தமிழ்நாட்டில் பகுதி கிரகணம். அதே நேரத்தில் ராஜஸ்தான், ஹரியானா, உத்தராகண்ட் வழியாக வளையத்தின் பாதை போனது. உலகக் கணக்கில் அது வளைய கிரகணம்.

2. 2022 அக்டோபர் 25: தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறையும் நேரத்தில் நமக்குச் சிறிது தெரிந்தது. அது உலகக் கணக்கிலும் பகுதி கிரகணம்தான். பூமியில் எந்த ஊரிலும் வளையமோ முழு மறைப்போ இல்லை.

ஆகவே “என்ன கிரகணம்?” என்பது ஒரு கேள்வி, “என் ஊரில் என்ன கிரகணம்?” என்பது இன்னொரு கேள்வி. தலைப்புச் செய்திகள் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. 2027 ஆகஸ்ட் 2 முழு கிரகணம் என்றுதான் தலைப்பு வரும். அதன் பாதை அட்லாண்டிக் கடலில் தொடங்கி ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாகப் போகிறது. இந்தியாவின் மேற்கு, தெற்குப் பகுதிகளுக்குக் கிடைப்பது மாலை வெயிலில் ஒரு பகுதி கிரகணம். 2026 ஆகஸ்ட் 12-இன் முழு கிரகணப் பாதையோ கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம். இந்தியாவுக்கு அதில் பகுதிகூட இல்லை.

99 சதவீதமும் 100 சதவீதமும்

செய்திகளில் வரும் சதவீதத்திலும் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, சூரியனின் விட்டத்தில் எவ்வளவு மறைகிறது என்பது. இதற்குப் பெயர் கிரகண அளவு. மற்றொன்று, வட்டின் பரப்பில் எவ்வளவு மறைகிறது என்பது. 2019 வளையத்தின் கிரகண அளவு 0.97. பரப்பாகப் பார்த்தால் 94%. 2010-இல் அளவு 0.92, பரப்பு 84%க்குச் சற்று மேல். ஒரு சேனல் ஒரு கணக்கையும் இன்னொன்று மற்றதையும் சொன்னால், எண்கள் ஒத்துப்போகாமல் இருப்பது இதனால்தான்.

சரி, 99% மறைந்தால் 99% முழு கிரகணம் பார்த்ததாகுமா? இல்லை. சூரியனின் வெளிச்சம் முழுநிலவைப் போல சுமார் 4 லட்சம் மடங்கு. ஒரு சதவீதம் மிஞ்சினாலே 4,000 முழுநிலவுகளின் வெளிச்சம். அதில் கொரோனாவுக்கு இடமே இல்லை. பாதையின் விளிம்பில் வீடு இருக்கிறது, இங்கேயே 99% தெரிகிறதே என்று உட்கார்ந்துவிடாமல், முடிந்தால் கிளம்பிப் பாதைக்குள் போய்விட வேண்டும். இதைச் சற்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

ஏன் சிலது மட்டும் நீள்கிறது?

முழு கிரகணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: நிலா எவ்வளவு அருகில், சூரியன் எவ்வளவு தொலைவில், பாதை நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில். மூன்றாவதற்குச் சிறு விளக்கம் வேண்டும். நிலாவின் நிழல் மணிக்கு ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. பூமியும் கிழக்கேதான் சுழல்கிறது, நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். நிழல் ஓடும் திசையிலேயே நாமும் நகர்வதால், அது நம்மைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். மூன்றும் உச்சத்தில் கூடினாலும் சுமார் ஏழரை நிமிடம்தான். 2186 ஜூலை 16-இல் வரும் கிரகணம் 7 நிமிடம் 29 விநாடி.

அப்புறம், கிரகணங்களுக்குக் குடும்பம் உண்டு. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம் கழித்து சூரியன், நிலா, வெட்டுப்புள்ளி மூன்றும் ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்புகின்றன. இதற்கு சாரோஸ் சுழற்சி என்று பெயர். 2027 கிரகணத்தின் குடும்பத்தைப் பின்னோக்கிப் பார்த்தால்:

1. 1955 ஜூன் 20: இலங்கை, பர்மா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ். 7 நிமிடம் 8 விநாடி, இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்டது.
2. 1973 ஜூன் 30: ஆப்பிரிக்கா. 7 நிமிடம் 4 விநாடி.
3. 1991 ஜூலை 11: ஹவாய், மெக்சிகோ. 6 நிமிடம் 53 விநாடி.
4. 2009 ஜூலை 22: சூரத், வாரணாசி, பாட்னா, சீனா. 6 நிமிடம் 39 விநாடி.
5. 2027 ஆகஸ்ட் 2: வட ஆப்பிரிக்கா, அரேபியா. 6 நிமிடம் 23 விநாடி.

அந்த 8 மணி நேர உபரியில் பூமி மூன்றில் ஒரு சுற்று கூடுதலாகச் சுழன்றுவிடுவதால், ஒவ்வொரு முறையும் பாதை மேற்கே தள்ளிப்போகிறது. மூன்று சுழற்சிக்கு ஒருமுறை ஏறத்தாழ பழைய பக்கத்துக்கே வரும். 1955-இல் இலங்கை, 2009-இல் வட இந்தியா என்று அமைந்தது அப்படித்தான். தேதி 11 நாள் தள்ளத் தள்ள, ஜூலைத் தொடக்கத்தின் தொலைதூரச் சூரியனைவிட்டு விலகுகிறோம். நேரம் குறைந்துகொண்டே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த வகைக்கு எப்படிப் பார்ப்பது?

வகை தெரிய வேண்டியதன் மிக முக்கியமான காரணம் கண். முழு கிரகணத்தில், சூரிய வட்டு அறவே மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம். ஒளிக்கீற்று திரும்பி எட்டிப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிவிட வேண்டும். பகுதி கிரகணத்திலும் வளைய கிரகணத்திலும் அப்படி ஒரு விநாடிகூட இல்லை. வளையம் பூரணமாக நிற்கும்போதுகூட வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. விழித்திரை சுடும்போது வலிக்காது. அதனால் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பது ஆதாரம் ஆகாது.

ஐஎஸ்ஓ 12312-2 தரம் அச்சிட்ட கிரகணக் கண்ணாடி போதும், கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், புகைபிடித்த கண்ணாடித் துண்டு, கூலிங் கிளாஸ், மஞ்சள் தண்ணீரில் விழும் பிம்பம் எதுவும் பாதுகாப்பு அல்ல. கண்ணாடி கிடைக்காவிட்டால் அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, சுவரில் விழும் பிம்பத்தைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்கு அடுத்து நேரடியாக வருவது 2031 மே 21. கொச்சி, மதுரை வட்டாரம், இலங்கையின் வடபகுதி வழியாகப் பாதை போகிறது. அதுவும் வளையம்தான். கிரகண அளவு அதிகபட்சம் 0.96, பரப்பில் 92%. பாதையின் நடுவில், கடல்மேல், வளையம் ஐந்தரை நிமிடம் வரை நிற்கும். ஊர் இருளாது, கொரோனா தெரியாது, தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணாடியைக் கழற்றவும் கூடாது.